தடிமன் கடைசிக் கேள்வி: காட்டுவழி வண்டிக்கு அடித்தகடு தேர்ந்தெடுக்கும் முறை

வண்டியின் அடிவயிற்றுக்குத் தகடு போட வேண்டும் என்று பட்டறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை எம்.எம். தகடு?" என்பதைத்தான். மூன்று போதுமா, ஐந்து வேண்டுமா, இரும்பா, அலுமினியமா என்று பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அடித்தகட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்கிட் பிளேட், அதாவது வழுக்குத் தகடு, என்ற பெயரிலேயே அதன் வேலை அடங்கியிருக்கிறது. அடியை எதிர்த்து நிற்கும் கேடயத்தின் வேலை அதற்கு இல்லை. பாறையின் மேல் வண்டியின் எடையைத் தாங்கியபடியே வழுக்கிக் கடந்துபோக வேண்டும். தாங்குமா என்பது அதை எங்கே பூட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வழுக்குமா என்பது அதை எப்படி மடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உலோகமும் தடிமனும் இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வருகின்றன.

இந்தத் தகட்டின் வரலாறு ஜீப்பின் வரலாற்றோடு ஒட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் எம்.பி. ஜீப்பிலேயே, எஞ்சினின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு உண்டு. இன்று நகரச் சாலைகளுக்கென்றே செய்யப்படும் எஸ்.யூ.வி.க்களின் பம்பருக்குக் கீழே வெள்ளி நிறத்தில் மின்னும் பட்டைக்கும் விளம்பரங்களில் அதே பெயரைத்தான் சூட்டுகிறார்கள். விரலால் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் கிளிப்புகளால் மாட்டியிருக்கும் கறுப்பு விரிப்பும் அப்படித்தான். சேற்றையும் தண்ணீரையும் தடுப்பதற்கும் காற்றோட்டத்தைச் சீராக்குவதற்கும் வைத்ததே தவிர, ஒரு கருங்கல் எதிர்ப்பட்டால் அது நொடியில் கிழிந்துவிடும். இவற்றைக் காப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதைக் காக்க வேண்டும் என்பதை அறிய வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. முன்பக்கத்திலிருந்து ரேடியேட்டரின் அடிப்பாகம், ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகள், ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புகைபோக்கிக் குழாய், எரிபொருள் தொட்டி எனப் பலவும் கண்ணில் படும். இவற்றுள் அடிபட்டால் அந்த இடத்திலேயே பயணத்தை முடித்துவைப்பது ஆயில் சம்ப்தான். வார்ப்பு அலுமினியத்தால் ஆன சம்ப் விரிசல் விடும், ஆயில் ஒழுகும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடலாம். இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த சம்ப் விரிசல் விடாமல் உள்நோக்கி நசுங்கும். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாததால் எதுவும் ஆகவில்லை என்று தோன்றும். ஆனால் சம்ப்பின் தரைக்கும் ஆயிலை உறிஞ்சும் வலைக்கும் இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே. நசுங்கிய தரை அந்த வாயை அடைத்துவிட்டால், ஆயில் நிறைய இருந்தும் பேரிங்குகளுக்குப் போதிய அழுத்தத்தில் போய்ச் சேராது. வெளியே தெரியும் விரிசலைவிட வெளியே தெரியாத இந்த நசுங்கலுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

எந்த வண்டி என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும். மாருதி சுஸுகி ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சுக் கூட்டின் நடுவே, விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உருண்டையாகத் தொங்கும். 2020இல் வந்த மகிந்திரா தாருக்குப் பின்னால் மட்டுமே அவ்வாறு. முன்னால் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் ஆடுகின்றன, டிஃபரன்ஷியல் வண்டியின் அடிச்சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாடு தகடு வாங்குகிறவருக்கு மிக முக்கியமானது. ரிஜிட் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் மாறாது. டயரின் உயரமே அதைத் தீர்மானிக்கிறது. தனித்தனி சஸ்பென்ஷனில் ஒரு குழியில் வண்டி அமுங்கும்போது டிஃபரன்ஷியலும் சம்ப்பும் சேர்ந்து கீழே இறங்கிவரும். நின்றிருக்கும் வண்டியில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி, ஓடும் வண்டியில் பாதியாகிவிடக்கூடும். தாரைப் போன்ற அமைப்புக்கு முன்பகுதித் தகடு இன்றியமையாதது என்று சொல்வது இதனால்தான்.

விற்பனைத் துண்டறிக்கையில் அச்சிடும் தரை இடைவெளியையும் இங்கே சற்று ஐயத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. ஜிம்னிக்கு 210 மி.மீ., தாருக்கு 226 மி.மீ. என்பவை வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குரிய அளவுகள். ரிஜிட் ஆக்சில் வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளி டிஃபரன்ஷியல் கூடுதான். வயிற்றின் நடுப்பகுதி அதைவிட உயரத்தில் இருக்கும். எனவே நடுவயிற்றில் ஒரு தகடு போட்டால் துண்டறிக்கையின் எண் மாறாமல் அப்படியே இருக்கலாம். குறைவது வேறொன்று: கூரான மேட்டின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கிய பின் நடுவயிறு முட்டாமல் கடக்கக்கூடிய கோணம். ரேம்ப் பிரேக்ஓவர் கோணம் என்று அதைச் சொல்வார்கள். ஐந்து கதவு ஜிம்னியில் அது 24 பாகை. மூன்று கதவு ஜிம்னியில் 28 பாகை. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,250 மி.மீ.இலிருந்து 2,590 மி.மீ.ஆக நீண்டதற்கான விலை அது. இந்த ஐந்து கதவு வண்டியின் நடுவில் 25 மி.மீ. கீழிறங்கும் ஒரு தகட்டைப் பூட்டினால் மேலும் ஏறத்தாழ 2 பாகை போய்விடும் என்பது எளிய கணக்கு. முட்டாமல் போன மேடுகளிலும் இனி முட்டும். ஆனால் முட்டும்போது வழுக்கும். இந்தப் பண்டமாற்றுக்கு உடன்படுகிறோமா என்று முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

இப்போது தாங்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரு படிக்கல்லிலிருந்து முன்சக்கரங்கள் நழுவ, வண்டியின் முன்பாதி தகட்டின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முன்பாதியின் எடை 900 கிலோ. விழும் உயரம் 5 செ.மீ. மட்டுமே, டயரும் ஸ்பிரிங்கும் எதையும் ஏற்காத மோசமான நிலை. தகடும் அதைப் பிடித்திருக்கும் சட்டமும் 2 செ.மீ. வளைந்து அந்த வீழ்ச்சியை நிறுத்தினால், சராசரியாகத் தாங்க வேண்டிய சுமை 3,150 கிலோ எடைக்குச் சமம். தகடு இன்னும் விறைப்பாக இருந்து 1 செ.மீ.க்குள் நிறுத்தினால் அதுவே 5,400 கிலோவாக உயரும். உள்ளங்கை அளவேயான ஒரு பாறை முனையில் இத்தனையும் இறங்குகிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே வரும். தகடு சிறிது வளைய இடம் வேண்டும். ஆகவே தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையில் குறைந்தது இரண்டு விரல் கனமாவது விட வேண்டும். அடுத்து, இத்தகைய சுமை போய்ச் சேர வேண்டிய இடம் வண்டியின் ஏணிச்சட்டமும் (ஏணி வடிவில் அமைந்த அடிச்சட்டம்) அதன் குறுக்குச் சட்டங்களும் மட்டுமே.

மலிவான தகடுகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். பழைய பிளாஸ்டிக் விரிப்பு மாட்டியிருந்த அதே மெல்லிய கிளாம்புகளிலோ ரேடியேட்டரைத் தாங்கும் தகரப் பட்டையிலோ நாலைந்து போல்ட்டுகளில் தொங்கவிட்டு, நடுவில் மட்டும் 5 மி.மீ. இரும்பைப் பெருமையாகக் காட்டுவார்கள். அடி விழுந்தால் இரும்பு வளையாது. கிளாம்புதான் பிய்த்துக்கொண்டு மேலேறி, முழுத் தகடும் சம்ப்பில் போய் மோதும். நல்ல அமைப்பில் தகட்டின் ஓரங்கள் சட்டத்தின் அடிப்பக்கத்தில் நேராகப் படிந்திருக்கும். கீழிருந்து வரும் அழுத்தம் தகட்டைச் சட்டத்தோடு இன்னும் இறுக்கிப் பிடிக்குமே தவிர, போல்ட்டை இழுக்காது; போல்ட்டுகளின் வேலை தகடு கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதோடு முடிந்துவிடும். வாங்கும் முன் விற்பவரிடம் தகட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டச் சொல்லி, அது சட்டத்தில் எங்கே உட்காருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விலை எதுவாயினும் நகர்ந்துவிடலாம்.

புதிய துளை போட வேண்டி வந்தால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏணிச்சட்டத்தின் நீள உறுப்பு வளையும்போது அதிக இழுவையும் அழுத்தமும் ஏற்பது அதன் மேல்முகமும் அடிமுகமும்; பக்கச் சுவரின் நடுக்கோட்டில் அவை மிகக் குறைவு. அடிமுகத்தில் துளையிடுவது சட்டத்தை வலுவிழக்கச் செய்யும். வெல்டிங் வைப்பதும் அவ்வாறே: சூடேறிய இடத்தின் பூச்சு போய்த் துரு தொடங்கும், இரும்பின் குணமும் அங்கே மாறும். தொழிற்சாலையே விட்டிருக்கும் மரையிட்ட துளைகளைப் பயன்படுத்தும் தகடே முதல் தேர்வு. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், நான் மறுத்துவிடுவேன்.

வழுக்குவதற்கு வடிவம். தட்டையான தகடு தன் தடிமனுக்கு ஏற்ற விறைப்பைத்தான் தரும். அதே தகட்டின் ஓரங்களை மடித்து, நடுவில் நீளவாக்கில் ஒன்றிரண்டு மடிப்புகளும் கொடுத்தால் விறைப்பு பல மடங்காகும். ஒழுங்காக மடித்த 3 மி.மீ. இரும்பு, மடிப்பே இல்லாத 5 மி.மீ. இரும்பைவிட நன்றாக உழைப்பது இதனால்தான். மடிப்புகள் வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். குறுக்கே போனால் ஒவ்வொன்றும் பாறைக்கு ஒரு படிக்கட்டாகிவிடும். முன்தகடு, நடுத்தகடு, டிரான்ஸ்ஃபர் கேஸ் தகடு என வரிசையாக வரும்போது, கூரைக்கு ஓடு வேய்கிற முறையை நினைத்துக்கொள்ளலாம். மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டை மூடிப் படிவதால் நீர் இடுக்கில் நுழையாமல் ஓடிவிடுகிறதே, அதுபோல முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின் முன்விளிம்பை மூடியபடி அமைந்தால், பாறை எந்த விளிம்பிலும் மாட்டாமல் பின்னே போகும். ஆனால் சிக்கிக்கொண்ட வண்டி வெளியே வருவது பெரும்பாலும் ரிவர்ஸ் கியரில். அப்போது பாறை எதிர்த்திசையில் வரும். பின்விளிம்புகளைச் சற்று மேல்நோக்கி மடித்திராவிட்டால் தகடு கலப்பையாக மாறிவிடும். போல்ட் தலைகளும் குழிக்குள் அடங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஆறுமுகத் தலை இரண்டே பயணங்களில் தேய்ந்து மழுங்கி, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஸ்பானருக்குப் பிடி கொடுக்காது.

இவ்வளவுக்கும் பிறகுதான் உலோகம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரும்பு 7.85 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. அரைச் சதுர மீட்டர் முன்தகடு ஒன்று 3 மி.மீ. இரும்பில் ஏறத்தாழ 12 கிலோ, 4 மி.மீ. இரும்பில் 16 கிலோ, 6 மி.மீ. அலுமினியத்தில் 8 கிலோ. அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் மூன்றில் ஒரு பங்கே என்றாலும், வளைவை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்காக) கூடுவதால், 1.4 மடங்கு தடிமனான அலுமினியம் இரும்புக்கு ஈடாகிவிடுகிறது. எடையோ அப்போதும் பாதிதான். காகிதத்தில் இந்தக் கணக்கு அலுமினியத்துக்கே முழுச் சாதகமாக இருக்கிறது. பாறையில் அவ்வளவு இல்லை.

நம் மலைகளில் அதிகம் எதிர்ப்படும் கருங்கல்லிலும் சார்னோக்கைட்டிலும் உள்ள குவார்ட்ஸ் துணுக்குகள் சாதாரண இரும்பைவிடவே கடினமானவை. சார்னோக்கைட் என்பது சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் அதே கல்தான். இரும்பில் அது கீறல் போடும், அலுமினியத்தில் உழும். மென்மையான அலுமினியம் கல்லின் முனையில் சுருண்டு பிடித்துக்கொள்வதால், வழுக்கிப் போக வேண்டிய வண்டி அங்கேயே தயங்கி நிற்கும். எடை மிச்சமாகிறது, வழுக்கல் குறைகிறது. நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, இடையில் ஐம்பது கிலோமீட்டர் மண்பாதையில் போகிறவருக்கு அலுமினியம் பொருத்தம். மாதந்தோறும் பாறைப் பாதையில் ஏறுகிறவருக்கு நான் இரும்பையே சொல்வேன்.

அலுமினியத்தை வாங்குகிறவர் கலவையின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 5052 கலவை மடிப்பதற்கு எளிது, உப்புக்காற்றையும் நன்கு தாங்கும். 6061 டி6 அதைவிட வலுவானது. ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும், வெல்டிங் வைத்த இடத்தில் வலுவையும் பெருமளவு இழக்கும். கூர்மடிப்பும் வெல்டிங்கும் நிறைந்த 6061 தகட்டை யாராவது உயர்தரம் என்று விற்றால் சந்தேகப்படலாம். இரும்பில் ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரத்து இ250 வகையே போதும். அது எங்கும் கிடைக்கும், வளைந்துவிட்டால் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் சம்மட்டியால் நிமிர்த்தலாம். அலுமினியத்தை இரும்புச் சட்டத்தில் நேரடியாகப் பூட்டினால் ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையில் நைலான் அல்லது ரப்பர் வாஷர் வைப்பது வழக்கம்.

மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் உண்டு. மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன் பலகை. தண்ணீரைவிட இலேசானது, பாறையில் சோப்பைப் போல வழுக்கும், அடி விழுந்தால் வளைந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் ஏறத்தாழ 135 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும், அதற்கு வெகுமுன்பே இளகிவிடும். புகைபோக்கிக் குழாயும் அதில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அதைவிடப் பல மடங்கு சூடாகின்றன. போட்டிகளுக்குப் போகிறவர்கள் இரும்புத் தகட்டின் அடியில் இதை ஒட்டுத்தகடாகப் போடுவதில் பொருளிருக்கிறது. தனியே இதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் தகடு கொண்டுவரும் உண்மையான ஆபத்து இதுதான். எஞ்சினின் சூடான காற்று வெளியேறும் வழிகளில் ஒன்று வண்டியின் அடிப்புறம். அதை முழுவதும் மூடிவிட்டால் கியர் பாக்ஸும் ஆயிலும் வழக்கத்தைவிடச் சூடாகும். அதனால் தகட்டில் பின்னோக்கித் திறந்த காற்றுத் துளைகள் வேண்டும். துளை வைத்தால் அதன் வழியே சேறும் சருகும் புகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகைமாசு விதிகளுக்குப் பின் டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி வந்துவிட்டது. அது சேர்த்துவைத்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே வெப்பம் 600 பாகை அளவை எட்டும். கோடையில் இடுப்பளவு காய்ந்த புல் நிறைந்த மலைச்சரிவில் ஓடிவந்த வண்டியின் தகட்டுக்கும் அந்த வடிகட்டிக்கும் இடையில் ஒரு கைப்பிடிப் புல் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய பாதையில் ஓய்வுக்கு நிறுத்தும்போதெல்லாம் குனிந்து அடியில் சிக்கியதை இழுத்துப்போடுவதும், திரும்பியதும் தகட்டின் உட்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் தகடு வைத்திருப்பவரின் கடமை. உட்பக்கம் காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துச் சட்டத்தையும் துருப்பிடிக்க வைக்கும். பவுடர் கோட்டிங் பளபளப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். முதல் கல்லிலேயே அது உரிந்துவிடும், உரிந்த ஓரத்தின் அடியில் நீர் புகுந்து தங்கும். தூரிகையால் அடிக்கும் சாதாரணத் துருத்தடுப்புப் பெயின்ட்டை ஆண்டுக்கொரு முறை மறுபடி பூசுவதே மலிவானது, மேலானது.

எடையைப் பொறுத்தவரை, முன்னிருந்து எரிபொருள் தொட்டி வரை முழு இரும்புத் தொகுப்பு போட்டால் 40 முதல் 60 கிலோ வரை ஆகும். தாருக்கு அது பெரிய சுமையில்லை. 1,200 கிலோவை ஒட்டிய ஜிம்னிக்கு அது ஓர் ஆளை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம்; அதற்கு சம்ப்புக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் மட்டும் தகடு போட்டுவிட்டு, மிச்சத்தைச் சக்கரம் வைக்கும் திறமையிடம் விடுவது நல்லது. மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்புகளின் ஓட்டுநர்களைக் கவனித்தால் இது புரியும். உயரமான கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டாமல், சக்கரத்தையே அந்தக் கல்லின் மேல் ஏற்றி நடைவேகத்தில் இறக்குவார்கள். சக்கரம் கல்லின் மேல் ஏறினால் அச்சும் வயிறும் சேர்ந்தே உயரும்.

இதில் அரசின் விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதைச் சுட்டித்தான் 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அடித்தகடு வெளியே துருத்தாத ஒன்று. ஆனாலும் முன்பம்பர் வரை நீண்டு ஏணிச்சட்டத்தின் முனையை இறுக்கிக் கட்டும் தகடுகளைத் தவிர்ப்பதே முறை. விபத்தில் நசுங்கி அதிர்ச்சியை ஏற்க வேண்டிய பகுதி அது. தயாரிப்பாளரே விற்கும் தகடு கிடைத்தால் உத்தரவாதச் சிக்கலும் எழாது.

ஆயில் வடிக்கும் திருகுக்கும் ஃபில்டருக்கும் கைபோகும் வழி இருக்கிறதா என்பதைப் பூட்டும் முன் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் தகட்டைக் கழற்றுவதற்குக் கூலி கொடுக்க நேரும், கழற்றியவர் எல்லாப் போல்ட்டையும் திரும்பப் பூட்டினாரா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். பூட்டிய பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்தகட்டோடு தொடங்கி, வழக்கமான பாதையில் இரண்டு மூன்று முறை போய்வந்து, பிறகு வண்டிக்கு அடியில் விளக்கோடு படுத்துப் பார்த்தால் கீறல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸில் கல் உரசிய தடமிருந்தால் அடுத்த செலவு அங்கே; பின் டிஃபரன்ஷியலில் மட்டும் தடமிருந்தால் தகட்டுக்கு முன் டயரின் உயரத்தைப் பற்றி யோசிக்கலாம்; முன்தகட்டிலேயே ஒரு கீறலும் இல்லை என்றால் அந்தப் பாதைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.